பொதுநலச் சட்டப்பணியை எங்கே தொடங்குவது? ஆறு வழிகளின் ஒப்பீடு

சட்டப் படிப்பின் இறுதி ஆண்டுகளில் இருக்கும் மாணவர்கள் பலர் ஏறத்தாழ ஒரே குழப்பத்துடன் ஆலோசனை கேட்கிறார்கள். வலுவற்றவர்களுக்குப் பயன்படும் வழக்கறிஞராக வேண்டும் என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. சட்ட உதவி அமைப்பில் சேர்வதா, உரிமை அமைப்பு ஒன்றில் சேர்வதா, அரசுத் தரப்பு வழக்கறிஞராவதா, ஒரு சீனியரிடம் ஜூனியராக இருப்பதா, பெரிய சட்ட நிறுவனத்தில் சில ஆண்டுகள் சம்பாதித்துக் கடனை அடைத்துவிட்டு வருவதா, நீதிபதி ஒருவரிடம் ஆய்வு உதவியாளராக இருப்பதா என்பதில்தான் தடுமாறுகிறார்கள். இவற்றில் எது மேலானது என்று கேட்டால் பயனுள்ள விடை கிடைப்பதில்லை. முதல் மூன்று ஆண்டுகளில் எது உங்களைத் தேர்ந்த வழக்கறிஞராக்கும் என்று கேட்டால் கிடைக்கிறது. பிணை மனுவைச் சரியாக எழுதத் தெரியாத ஒருவருடைய நல்லெண்ணத்தால் சிறையில் இருப்பவருக்கு எந்தப் பயனும் இல்லை என்பதால், பயிற்சியின் தரத்தையே இந்தக் கட்டுரை முதன்மையாக வைத்து ஒப்பிடுகிறது.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், உங்கள் வேலையைத் திருத்தப்போகிறவர் யார் என்பது. நீங்கள் எழுதிய மனுவை ஒருவர் வரிவரியாகப் படித்து, இந்தப் பத்தி எதற்கு, இந்த வேண்டுகோளை எந்தப் பிரிவின் கீழ் கேட்கிறீர்கள் என்று கேட்டுத் திருப்பித் தருவாரா? அப்படி ஒருவர் இருக்கும் இடம், பெயர் தெரியாத சிறு அலுவலகமாக இருந்தாலும், அவர் இல்லாத புகழ்பெற்ற அமைப்பைவிட முதல் வேலைக்கு ஏற்றது. மற்ற எல்லா அளவுகோல்களையும்விட இதற்கே நான் கூடுதல் எடை தருவேன்.

இரண்டாவது, நீங்கள் யாருடைய சொல்லுக்குக் கட்டுப்பட்டவர் என்பது. சட்ட உதவி வழக்கறிஞருக்குக் கட்சிக்காரரின், அதாவது அவர் யாருக்காக வழக்காடுகிறாரோ அவரின், விருப்பமே ஆணை. உரிமை அமைப்பின் வழக்கறிஞருக்குக் கட்சிக்காரரோடு அமைப்பின் நோக்கமும் உண்டு. அரசுத் தரப்பு வழக்கறிஞருக்குத் தனிப்பட்ட கட்சிக்காரரே இல்லை. இந்த வேறுபாடு கல்லூரியில் படிக்கும்போது நுட்பமான ஒன்றாகத் தோன்றும். வேலையில் சேர்ந்த சில மாதங்களில் அன்றாடம் உங்கள் முடிவுகளைத் தீர்மானிப்பதே அதுதான் என்று தெரியவரும்.

இவற்றுக்குப் பிறகு, நீதிமன்றத்தில் நேரடியாக எழுந்து பேசும் வாய்ப்பு, வருமானமும் கல்விக் கடனும், பின்னாளில் வேறு வழிக்கு மாற முடியுமா என்பது, மனத்தில் ஏறும் சுமை ஆகிய நான்கையும் கணக்கில் எடுக்க வேண்டும். வருமானத்தைப் பற்றிப் பேசப் பொதுநலத்தை விரும்பும் மாணவர்கள் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்படத் தேவையில்லை. குடும்பத்தைத் தாங்க வேண்டியவர் அதை மறைத்துக்கொண்டு எடுக்கும் முடிவு இரண்டாம் ஆண்டிலேயே முறிந்துபோகிறது.

## சட்ட உதவி வழக்கறிஞர்

வசதியில்லாதவருக்கு வழக்கறிஞர் கிடைக்க வேண்டும் என்பது கருணையாக அல்லாமல் உரிமையாக நிலைபெற்றதற்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்ற கைதி சிறையிலிருந்து தானே எழுதி அனுப்பிய மனுவின் மீது 1963 இல் வந்த தீர்ப்பு, கடுங்குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசே வழக்கறிஞரைத் தர வேண்டும் என்றது. வழக்கறிஞரோடு நடந்த மறுவிசாரணையில் அவர் விடுதலையானார். இந்தியாவில் 1976 இல் 42 ஆவது திருத்தத்தின் மூலம், அரசு இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்று சொல்லும் 39அ உறுப்பு அரசியலமைப்பில் சேர்ந்தது. 1979 இல் விசாரணைக் கைதிகள் தொடர்பான ஹுசைனாரா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இலவசச் சட்ட உதவியை, உயிருக்கும் தனிமனித விடுதலைக்கும் பாதுகாப்புத் தரும் 21 ஆவது உறுப்போடு இணைத்தது. 1987 இல் இயற்றப்பட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது.

இந்த வழியின் மிகப் பெரிய வரவு, முதல் வாரத்திலிருந்தே ஓர் ஆளின் விடுதலை உங்கள் கையில் இருப்பது. காவல் நீட்டிப்புக்காகக் கொண்டுவரப்பட்ட ஒருவரைப் பார்க்க உங்களுக்குச் சில நிமிடங்களே கிடைக்கும். கையில் முதல் தகவல் அறிக்கையின் நகல் மட்டும் இருக்கும். எப்போது பிடித்தார்கள், தாளில் எழுதியிருக்கும் கைது நேரமும் அதுவும் ஒன்றா, வீட்டில் யாருக்குத் தகவல் சொன்னார்கள், அன்றாடம் சாப்பிடும் மருந்து ஏதும் உண்டா, ஜாமீன் நிற்க யார் வருவார்கள் என்று வரிசை தவறாமல் கேட்டுக் குறிக்க வேண்டும். அந்தக் குறிப்பேட்டில் முதல் ரிமாண்டு தேதி, அதாவது அவரைக் காவலில் வைக்க நீதிமன்றம் முதலில் உத்தரவிட்ட தேதி, கட்டாயம் இருக்க வேண்டும். ஏனென்றால் இந்தியச் சட்டப்படி, குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் பிணையில் செல்வது அவருடைய உரிமையாகிவிடுகிறது. குற்றப்பத்திரிகை வந்துவிட்ட பிறகு கேட்டால் அந்த உரிமை கைநழுவிப்போகும். நாளை எண்ணத் தவறாத ஜூனியர் ஒருவர், வாதத்திறமை வருவதற்கு முன்பே, இந்த ஒரு கவனத்தால் பலரை வெளியே கொண்டுவந்துவிட முடியும். வேறெந்த வழியிலும் இவ்வளவு விரைவில் இவ்வளவு பொறுப்பு ஒரு புதிய வழக்கறிஞருக்குக் கிடைப்பதில்லை.

மறைந்திருக்கும் செலவுகளும் இதே இடத்தில்தான் தொடங்குகின்றன. வழக்குக் கட்டுகள் குவியும்போது ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் கிடைக்கும் நேரம் சுருங்கும். சாட்சியைத் தேடிப் போய்ப் பேசுவது, சம்பவ இடத்தைப் பார்ப்பது போன்றவை முதலில் விடுபடும். குற்றத்தை ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனையோடு போய்விடச் சொல்லும் பழக்கம் மெல்ல ஒட்டிக்கொள்ளும். அரசு நிதியை நம்பிய அமைப்பு என்பதால், கொள்கை மாறினால் வேலையே சுருங்கும் ஆபத்தும் உண்டு: இங்கிலாந்தில் 1949 இல் சட்டமாகி வளர்ந்த சட்ட உதவியிலிருந்து, 2012 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் மூலம், 2013 ஏப்ரல் முதல் தனிநபர்களுக்கிடையேயான குடும்ப வழக்குகள், நலத்திட்ட உதவித் தகராறுகள் ஆகியவற்றின் பெரும்பகுதி நீக்கப்பட்டுவிட்டது.

சட்ட உதவியில் இரு வகை உண்டு என்பதையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். பட்டியலில் பெயர் பதிந்துகொண்டு, வழக்குக்கு இவ்வளவு என்று கட்டணம் பெற்று, சொந்தத் தொழிலோடு சேர்த்துச் செய்வது ஒன்று. முழுநேரச் சம்பளத்தில் இதையே செய்வது மற்றொன்று. இந்தியாவில் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2022 இல் விரிவாக்கிய சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் திட்டம் இரண்டாவது வகை. தலைமை, துணை, உதவி என்ற அடுக்கில் அலுவலகம் அமைந்திருப்பதால், மேலே இருப்பவர் அக்கறையுள்ளவராக இருந்தால், உதவி நிலையில் சேர்பவருக்குத் திருத்துவதற்கு ஆள் கிடைக்கும். இது ஒப்பந்தப் பணி என்பதையும், தனிப்பட்ட வழக்குகளை எடுக்க முடியாது என்பதையும் தெரிந்துகொண்டு சேர வேண்டும். முழுநேர அமைப்பும் நல்ல மேலாளரும் சேர்ந்து கிடைத்தால், விசாரணை நீதிமன்றத்தில் வாழ்நாளைக் கழிக்க விரும்புபவருக்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை என்பது என் கருத்து. தனித்து விடப்பட்டு, கேட்க ஆளின்றி, நூற்றுக்கணக்கான கட்டுகளோடு திணறும் இடமாக இருந்தால் அதே வேலை பயிற்சியைக் கெடுத்துவிடும்.

## உரிமை அமைப்புகள்

மாணவர்களை அதிகம் ஈர்ப்பது இதுதான். முதல் வேலையாக எடுக்கும்போது அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். ஒரு வழக்கின் மூலம் ஒரு சட்டத்தையே மாற்றிய வரலாறுகள் பாடநூலில் இருப்பதால் அந்த ஈர்ப்பு இயல்பானது. ஆனால் அந்த வரலாறுகளின் கால அளவைப் பாடநூல் அழுத்திச் சொல்வதில்லை. தர்குட் மார்ஷல் அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கான சட்டப் பாதுகாப்பு நிதியத்தை 1940 இல் நிறுவினார். பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டவிரோதம் என்ற தீர்ப்பு 1954 இல் வந்தது. இந்தியாவில் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க நெறிமுறைகள் வகுத்த விசாகா தீர்ப்பு 1997 இல் வந்தது; அதற்கான சட்டம் 2013 இல்தான் இயற்றப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் வீட்டுரிமைக்காக ஐரீன் குரூட்பூம் தொடுத்த வழக்கில் 2000 ஆம் ஆண்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தந்த தீர்ப்பை உலகெங்கும் சட்டக் கல்லூரிகள் கற்பிக்கின்றன. 2008 இல் அவர் இறந்தபோதும் முறையான வீடு அவருக்குக் கிடைத்திருக்கவில்லை. தீர்ப்புக்குப் பிறகு அதைச் செயல்படுத்த வைக்கும் வேலைதான் இந்த அமைப்புகளின் உழைப்பில் பெரும்பகுதி. அலுவலர்களுக்குக் கடிதம், தகவல் கேட்டு மனு, களத்தில் கணக்கெடுப்பு, மீண்டும் நீதிமன்றத்துக்கு நிலை அறிக்கை என்று ஆண்டுக்கணக்கில் தொடரும் அந்த வேலையில் மனம் ஒன்றுகிறவர்களுக்கே இந்த வழி பொருந்தும்.

செலவுகளில் முதலாவது, நிதி. பெரும்பாலான பணியிடங்கள் ஒரு திட்ட நிதியோடு பிறந்து அதோடு முடிகின்றன. கொடையாளரின் முன்னுரிமை மாறினாலும் அரசின் விதி மாறினாலும் அந்த அதிர்ச்சி கடைசியாகச் சேர்ந்தவர் மேல்தான் முதலில் விழும். இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு 2020 இல் வந்த திருத்தம், அந்த நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்ததோடு, அந்தப் பணத்தை மற்றோர் அமைப்புக்கு மாற்றித் தருவதையும் தடை செய்தது. பெரிய அமைப்புகளிடம் நிதி பெற்றுவந்த சிறு அமைப்புகளை இது நேரடியாகத் தாக்கியது.

இரண்டாவது, நீதிமன்றப் பயிற்சி. முக்கியமான வழக்கில் மூத்த வழக்கறிஞர் வாதிடுவார். இளையவர் ஆய்வுக் குறிப்பு தயாரிப்பார், நிதி வழங்குபவருக்கு அறிக்கை எழுதுவார். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமலேயே நான்காண்டு கழித்தவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது, நோக்கத்துக்கும் கட்சிக்காரருக்கும் இடையே வரும் இழுபறி. எதிர்த்தரப்பு கணிசமான இழப்பீடு தந்து சமரசம் பேசும்போது, தீர்ப்பு வேண்டும் என்று அமைப்பும், பணம் போதும் என்று பாதிக்கப்பட்டவரும் நினைக்கக்கூடும். வழக்கறிஞரின் கடமை கட்சிக்காரருக்கே என்பதில் ஐயமில்லை என்றாலும், உங்கள் சம்பளம் அமைப்பிடமிருந்து வருகிறது. இந்தச் சூழலில் அலுவலகம் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சேருவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

சொந்த வழக்காடும் குழுவை வைத்துக்கொண்டு இளையவர்களையும் வாதிடவிடும் அமைப்பு என்றால் படிப்பு முடிந்ததும் சேரலாம். அப்படி இல்லையென்றால், வேறிடத்தில் மூன்று நான்கு ஆண்டுகள் கைத்தொழிலைக் கற்றுக்கொண்டு வருபவர் அமைப்புக்கும் கூடுதலாகப் பயன்படுவார்.

## அரசுத் தரப்பு வழக்கறிஞர்

பொதுநலம் என்றால் அரசை எதிர்ப்பது என்ற எண்ணத்தால் பலர் இதைப் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. வழக்கைத் தொடர்வதா கைவிடுவதா, பிணையை எதிர்ப்பதா விடுவதா, எந்தப் பிரிவில் குற்றம் சாட்டுவது என்ற கேள்விகளில் இவருடைய சொல்லுக்கு இருக்கும் எடை, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பல வாய்தா போராடியும் பெற முடியாத ஒன்று. இங்கிலாந்தில் 1986 இல் செயல்படத் தொடங்கிய அரசு வழக்குத் துறை இரு கேள்விகளைக் கேட்டே வழக்கை நடத்துகிறது: தண்டனை கிடைக்கும் அளவுக்கு ஆதாரம் உண்டா, வழக்கை நடத்துவது பொதுநலனுக்கு உகந்ததா. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான ஆதாரத்தை மறைக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963 இல் பிராடி வழக்கில் வகுத்த விதியும் இந்தப் பதவியின் இயல்பைத்தான் சொல்கிறது. காவல்துறையின் வழக்குக் கட்டைப் படித்து இதில் ஆதாரம் போதாது என்று எழுதித் திருப்பி அனுப்பும் ஒருவரால், ஒரு குற்றமற்றவர் குற்றவாளிக் கூண்டில் ஏறாமலேயே காப்பாற்றப்படுகிறார். பாதிக்கப்பட்ட பெண்ணுக்கோ குழந்தைக்கோ சாட்சி சொல்லும் நாள் அச்சமற்றதாக அமைவதும் இவரைப் பொறுத்ததே.

நிலையான சம்பளம், அன்றாடம் சாட்சி விசாரணை, தெளிவான பதவி உயர்வு ஆகியவை வரவுகள். வழக்கைத் தேர்ந்தெடுக்க முடியாமை, இடமாற்றம், மேலிடத்தின் அழுத்தம், காவல்துறையோடு நாள்தோறும் பழகுவதால் அவர்கள் பார்வையே தன் பார்வையாகிவிடும் அபாயம் ஆகியவை செலவுகள். மேலிடத்துக்கு எதிராக வழக்குக் கட்டில் குறிப்பெழுதும் துணிவு தனக்கு உண்டா என்று நேர்மையாகக் கேட்டுப் பார்த்துவிட்டே இதில் இறங்க வேண்டும். அந்தத் துணிவும் நிலையான வருமானத்தின் தேவையும் சேர்ந்தே இருப்பவருக்கு இது மிக நல்ல வழி. ஏனையோர் சொல்வதைவிட உயர்வாகவே நான் இதை மதிப்பிடுகிறேன்.

## சீனியரிடம் ஜூனியராக

ஹுசைனாரா காத்தூன் வழக்கைத் தொடுத்த கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றத்தில் தொழில் செய்துவந்த வழக்கறிஞர். விசாரணைக் கைதிகளைப் பற்றி நாளிதழில் வந்த கட்டுரைகளே அவ்வழக்குக்கு அடிப்படை. சொந்த அலுவலகம் வைத்திருப்பவருக்குள்ள விடுதலை இதுதான்: எந்தக் கொடையாளரையும் கேட்க வேண்டியதில்லை. தொழிற்சங்க வழக்குகளையோ நிலவுரிமை வழக்குகளையோ வழக்கமாக எடுக்கும் ஒரு சீனியரிடம் சேர்ந்தால், வக்காலத்து தாக்கல் செய்வதிலிருந்து இறுதி வாதம் வரை ஒரு வழக்கின் முழு உடலும் கண்ணில் படும்.

செலவு வெளிப்படையானது: தொடக்கத்தில் வருமானம் மிகக் குறைவு, சில இடங்களில் அறவே இல்லை. இந்திய வழக்கறிஞர் கழகம் 2024 அக்டோபரில் ஜூனியர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை தரப் பரிந்துரைத்தது. அது பரிந்துரைதான், கட்டாயமன்று. இதனால் குடும்பப் பின்னணியில்லாத முதல் தலைமுறை வழக்கறிஞர்கள், குறிப்பாகப் பெண்கள், நல்ல திறமையிருந்தும் பாதியில் விலகிப்போகிறார்கள். ஓரிரு ஆண்டுகளைத் தாங்கும் ஏற்பாடு இருப்பவருக்கும், பின்னர் தனித்து இயங்க விரும்புபவருக்கும் இது பொருந்தும்.

## பெரிய சட்ட நிறுவனமும் இலவச வழக்குகளும்

கடனை முதலில் அடைத்துவிட்டு வருகிறேன் என்பவர்களின் வழி இது. ஆவணங்களைத் துல்லியமாக வரைவதிலும் காலக்கெடு தவறாமையிலும் இங்கே கிடைக்கும் பயிற்சி உண்மையிலேயே உயர்ந்தது. வழக்கறிஞர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது கட்டணமின்றிப் பணியாற்ற முயல வேண்டும் என்று அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதி சொல்வதால், அங்குள்ள பெரிய நிறுவனங்கள் பலவற்றில் அதற்கென ஏற்பாடுகளும் உண்டு.

இரு செலவுகளை மாணவர்கள் பார்ப்பதில்லை. நிறுவனத்தின் கட்சிக்காரர்களான வங்கிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் எதிரான வழக்கை, நலன் முரண்பாடு கருதி, அங்கிருந்து எடுக்க முடியாது. எனவே தொழிலாளர், கடன், நிலம், சுற்றுச்சூழல் ஆகிய துறைகளில் ஆர்வமுள்ளவருக்கு இலவச வழக்கு என்ற வாய்ப்பு பெரும்பாலும் பெயரளவிலேயே இருக்கும். அகதி விண்ணப்பம், அறக்கட்டளைப் பதிவு போன்றவற்றுக்கு அந்தத் தடை குறைவு. இரண்டாவது, வருமானத்தோடு வாழ்க்கைச் செலவும் உயர்ந்துவிடுகிறது. வாடகை, மாதத் தவணை, வீட்டாரின் எதிர்பார்ப்பு எல்லாம் அந்தச் சம்பளத்தைச் சுற்றி அமைந்துவிட்ட பிறகு பாதியாகக் குறையும் வருமானத்துக்கு வருவது கடினம். இந்த வழியில் போகிறவர், எந்த மாதத்தில் எவ்வளவு கடன் அடைந்தபின் வெளியேறுவது என்று தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

கடனை முன்னிட்டு மட்டும் இதைத் தேர்ந்தெடுப்பவர் தம் நாட்டின் விதியையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அரசிலோ தகுதியுள்ள இலாப நோக்கற்ற அமைப்பிலோ முழுநேரம் வேலை செய்துகொண்டே 120 மாதத் தவணைகளைக் கட்டியவருக்குக் கூட்டரசின் நேரடிக் கல்விக் கடனில் எஞ்சியது தள்ளுபடியாகிறது. அங்கே படித்தவருக்குக் கடன்தான் பொதுநலப் பணியைத் தள்ளிப்போடும் காரணம் என்ற கணக்கே தலைகீழாகலாம்.

## நீதிபதியின் ஆய்வு உதவியாளர்

இதை ஒரு தொழிலாகக் கொள்ளாமல், மற்ற ஐந்து வழிகளுக்கு முன்னால் ஓராண்டோ ஈராண்டோ செலவிடும் காலமாகப் பார்க்க வேண்டும். எந்த வாதம் நீதிபதியை அசைக்கிறது, எது காதிலேயே ஏறுவதில்லை என்பதை மேசையின் மறுபக்கத்திலிருந்து பார்ப்பது பெரும் பேறு. கட்சிக்காரரைப் பார்க்கவே முடியாது என்பதே குறை. சில கட்டுப்பாடுகளும் உண்டு: அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இப்பணி செய்தவர் விலகிய பிறகு ஈராண்டுக்கு அந்த நீதிமன்றத்தில் வழக்காட முடியாது. இந்தியாவில் உரிமையியல் நீதிபதித் தேர்வுக்கு மூன்றாண்டுத் தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் மீண்டும் விதித்தபோது, ஆய்வு உதவியாளராக இருந்த காலத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம் என்றது. நீதித்துறைப் பணியை நோக்கியவர்களுக்கு இதனால் இந்த வழியின் மதிப்பு கூடியிருக்கிறது.

## முடிவெடுப்பதற்கு முன் செய்யக்கூடியவை

படிக்கும் காலத்திலேயே இரு வழிகளையாவது உள்ளிருந்து பார்த்துவிட முடியும். இந்தியாவில் 2008 ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள் மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரமும் ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரமும் இன்டர்ன்ஷிப்பைக் கட்டாயமாக்குகின்றன. பெரும்பாலோர் அதைச் சான்றிதழ் சேர்க்கும் வேலையாகக் கடந்துவிடுகிறார்கள். ஒரே துறையை இரு தரப்பிலிருந்தும் பார்ப்பதாக அதைத் திட்டமிடலாம்: ஒரு விடுமுறையில் சட்ட உதவி அலுவலகம், அடுத்ததில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் அலுவலகம். கல்லூரியின் சட்ட உதவி மையம் பெயரளவில் இல்லாமல் உண்மையிலேயே இயங்குமானால் அதுவும் நல்ல பயிற்சிக்களம். ஹார்வர்டில் மாணவர்களே நடத்தும் சட்ட உதவி அலுவலகம் 1913 முதல் இயங்கிவருகிறது.

வேலை கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் ஒப்பந்தத்தை அப்படியே கையெழுத்திட்டுவிட வேண்டாம். பணியிடத்துக்கான நிதி எந்த மாதம் வரை உறுதியாக இருக்கிறது, முதலாண்டில் எந்த நீதிமன்றத்தில் நீங்களே எழுந்து பேசுவீர்கள், ஒருவர் ஒரே நேரத்தில் எத்தனை வழக்குகளைக் கையாள்கிறார், உங்கள் மனுவை எந்தப் பெயருடைய மனிதர் படித்துத் திருத்துவார் என்று நேர்முகத்திலேயே கேளுங்கள். தேர்வுக் குழுவின் விடையோடு நின்றுவிடாமல், அங்கிருந்து அண்மையில் விலகிய இளைய வழக்கறிஞர் ஒருவரைத் தேடிப் பிடித்து இவற்றையே அவரிடமும் கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு அவர் உடனே ஒரு பெயரைச் சொன்னால் அந்த வேலைக்குத் துணிந்து போகலாம். அங்கே எல்லாரும் பார்ப்பார்கள் என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொண்டால், கையிலிருக்கும் அடுத்த வாய்ப்பை அதே கேள்விகளால் சோதித்துப் பார்ப்பது நல்லது.